கைபேசி ரிசீவரில் குறுக்கீடு: எங்கிருந்து வருகிறது, எங்கே தடுக்க வேண்டும்

கைபேசித் திரையில் சிக்னல் கோடுகள் நிறைந்து நிற்கும். இணையப் பக்கம் திறக்காது, பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும். உடனே நெட்வொர்க்கைத் திட்டுவோம். பல நேரம் அது நியாயம்தான். ஆனால் அதே சிம், அதே இடம், வேறொரு மாடல் கைபேசியில் போட்டால் நன்றாக ஓடுகிறது என்றால் டவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தொல்லை அந்தக் கைபேசிக்குள்ளேயே இருக்கிறது.

கோடுகள் பெரும்பாலும் டவரிலிருந்து வந்து சேரும் அலையின் வலுவை வைத்து வரையப்படுகின்றன. அதோடு எவ்வளவு இரைச்சல் ஒட்டிக்கொண்டு வருகிறது என்பதை அவை சொல்வதில்லை. 4ஜியின் தொழில்நுட்பமான எல்டிஇயில் வலுவைக் காட்டும் அளவு ஆர்எஸ்ஆர்பி. குறுக்கீட்டையும் இரைச்சலையும் சேர்த்து அவற்றோடு சிக்னலை ஒப்பிடும் அளவு எஸ்ஐஎன்ஆர். ஆர்எஸ்ஆர்பி −85 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை 0 எனக் கொண்ட டெசிபல் அளவு) என்று நன்றாக இருந்து, எஸ்ஐஎன்ஆர் 0 டெசிபலுக்குப் பக்கத்தில் கிடந்தால் அது கவரேஜ் பிரச்சினை அல்ல, குறுக்கீட்டுப் பிரச்சினை. கைபேசியின் ஃபீல்டு டெஸ்ட் திரையில் இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்காமல் மேலே போகக் கூடாது.

இந்தத் துறையில் எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒரு விஷயம் உண்டு. நாம் கேட்கும் சேனலுக்கு வெளியே இருக்கும் தொல்லையை ஃபில்டர் போட்டு வெட்டலாம். சேனலுக்குள்ளேயே விழுந்துவிட்ட தொல்லையை எந்த ஃபில்டராலும் பிரிக்க முடியாது. அது பிறக்கும் இடத்தில் அடக்க வேண்டும், அல்லது ஆன்டெனாவுக்கு வரும் வழியில் மறிக்க வேண்டும். குறுக்கீட்டுத் தொல்லைக்கு "நல்ல ஃபில்டர் ஒன்று போடுங்கள்" என்பது பெரும்பாலும் தவறான முதல் யோசனையாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ரிசீவரின் கணக்கு

அறை வெப்பநிலையில் எந்தக் கடத்தியிலும் இருக்கும் வெப்ப இரைச்சல் ஒரு ஹெர்ட்ஸுக்கு −174 டிபிஎம். 10 மெகாஹெர்ட்ஸ் எல்டிஇ சேனலில் உண்மையில் பயன்படும் அகலம் 9 மெகாஹெர்ட்ஸ். அந்த அகலத்துக்கு 69.5 டெசிபல் கூட்டினால் −104.5 டிபிஎம். ரிசீவர் தன் பங்குக்குச் சேர்க்கும் இரைச்சலுக்கு 9 டெசிபல் ஒதுக்கினால் −95.5. மிக எளிய மாடுலேஷனைப் படிக்கத் தேவையான விகிதம் −1 டெசிபல், வடிவமைப்புக் குறைகளுக்கு 2.5 டெசிபல் இடம், இரண்டு ஆன்டெனாக்கள் இருப்பதால் 3 டெசிபல் ஆதாயம். எல்லாம் கூட்டிக் கழித்தால் −97 டிபிஎம். பேண்ட் 1 என்ற அலைவெண் பட்டைக்கு, கைபேசித் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி கேட்கும் குறைந்தபட்ச உணர்திறனும் இதே −97 தான். நல்ல கைபேசிகள் இதைவிடச் சில டெசிபல் மேலாகவே இருக்கும்.

−97 டிபிஎம் என்பது ஒரு வாட்டின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதிலும் ஐந்தில் ஒரு பங்குதான். அதே கைபேசி அதே நேரத்தில் டவருக்கு அனுப்புவது +23 டிபிஎம், அதாவது 200 மில்லிவாட். இரண்டுக்கும் இடையே 120 டெசிபல், லட்சம் கோடி மடங்கு. டவர் தூரத்தில் இருக்கும்போதுதான் வரும் சிக்னல் மெலிகிறது. அப்போதுதான் கைபேசியும் முழு பலத்தோடு அனுப்புகிறது. ரிசீவர் மிகவும் கூர்ந்து கேட்க வேண்டிய வேளையும், பக்கத்தில் சத்தம் உச்சத்தில் இருக்கும் வேளையும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன. டவர் அடியில் நின்று சோதித்துவிட்டு "பிரச்சினை இல்லை" என்று எழுதிக் கொடுக்கும் அறிக்கைகளுக்கு மதிப்பில்லாமல் போவது இதனால்தான்.

எவ்வளவு குறுக்கீடு எவ்வளவு பாதிக்கும் என்பதற்கு மனதில் வைத்துக்கொள்ளச் சில எண்கள்: குறுக்கீடு ரிசீவரின் சொந்த இரைச்சலுக்குச் சமமாக இருந்தால் உணர்திறன் 3 டெசிபல் போகும். 6 டெசிபல் கீழே இருந்தால் 1 டெசிபல் போகும். 10 டெசிபல் கீழே இருந்தால் 0.4. இந்த இழப்பைத்தான் துறையில் டிசென்ஸ் என்கிறார்கள். ஒவ்வொரு மூலத்தையும் ரிசீவரின் இந்தச் சொந்த இரைச்சலுக்கு, அதாவது இரைச்சல் தளத்துக்கு, 10 டெசிபல் கீழே தள்ளுவதை இலக்காக வைப்பது நல்லது. மூன்று நான்கு மூலங்கள் சேரும்போதுதான் அந்த 0.4 எல்லாம் ஒன்றுகூடிக் கடிக்கும்.

தன் குரலே தன் காதில்

எஃப்டிடி முறையில் கைபேசி ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் செய்கிறது. பேண்ட் 3-இல் அனுப்புவது 1710–1785 மெகாஹெர்ட்ஸ், பெறுவது 1805–1880. நடுவில் 20 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. பேண்ட் 8-இல் 880–915, 925–960. இடைவெளி வெறும் 10. இந்தக் குறுகிய இடைவெளியில் இரண்டையும் பிரித்து வைப்பது டூப்ளெக்சர் என்ற சிறு பாகம். சராசரியாக 50 முதல் 55 டெசிபல் தடுக்கும்.

டூப்ளெக்சர் செய்ய வேண்டியது ஒரு வேலை அல்ல, இரண்டு. அனுப்பும் அலைவெண்ணில் வரும் பெரிய சிக்னல் ரிசீவருக்குள் நுழையாமல் தடுக்க வேண்டும். அனுப்பும் சிக்னலைப் பெருக்கும் பவர் ஆம்ப்ளிஃபயர் கிளப்பும் இரைச்சல் பெறும் அலைவெண்ணில் விழாமலும் தடுக்க வேண்டும். டேட்டா ஷீட்டில் இரண்டும் தனித்தனி வரிகளாக இருக்கும். முதல் வரியை மட்டும் பார்த்துப் பாகத்தைத் தேர்வு செய்பவர்கள் உண்டு.

இரண்டாவதை எண்களில் பார்ப்போம். ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல் பெறும் அலைவெண்ணில் ஒரு ஹெர்ட்ஸுக்கு −130 டிபிஎம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டூப்ளெக்சர் 50 டெசிபல் தடுத்தால் ரிசீவரை அடைவது −180. தன் பங்குக்கு 5 டெசிபல் இரைச்சல் சேர்க்கும் நல்ல ரிசீவரின் தளம் −169. வித்தியாசம் 11 டெசிபல், இழப்பு 0.3 டெசிபலைச் சுற்றித்தான். அதே தடுப்பு 40 டெசிபலாகக் குறைந்தால் −170 வந்து நிற்கும், இழப்பு 2.5 டெசிபலுக்குத் தாவிவிடும். இங்கே ஆம்ப்ளிஃபயர் மாறவில்லை, ரிசீவர் மாறவில்லை. பத்து டெசிபல் தடுப்பு மட்டும் காணாமல் போயிருக்கிறது.

அது எப்படிக் காணாமல் போகும்? பெரும்பாலும் பாகத்தில் அல்ல, பலகையில். டூப்ளெக்சர் 55 டெசிபல் தடுக்கும்போது, அனுப்பும் தடமும் பெறும் தடமும் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் ஓடினால் அலை டூப்ளெக்சரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். பலகையின் தடுப்பு பாகத்தின் தடுப்பைவிட 10 டெசிபலாவது கூடுதலாக இருக்க வேண்டும். அதற்கு டூப்ளெக்சரின் அடியில் உள்ள தரைப் பேடுகள் ஒவ்வொன்றிலிருந்தும் நேராக உள் தரை அடுக்குக்கு வயா (அடுக்குகளை இணைக்கும் உலோகத் துளை) இறங்க வேண்டும். இரண்டு தடங்களும் வெவ்வேறு அடுக்கில், நடுவில் தரையோடு ஓட வேண்டும். மேட்ச்சிங்குக்குப் போடும் இண்டக்டர்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக உட்கார வேண்டும். மூன்றாவதைத்தான் அதிகம் மறக்கிறார்கள். இணையாக இருக்கும் இரண்டு இண்டக்டர்கள் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் போலப் பேசிக்கொள்ளும்.

வெப்பமும் சேர்ந்துகொள்ளும். சாதாரண சா (SAW, பரப்பு ஒலி அலை) ஃபில்டரின் அலைவெண் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 30 முதல் 40 பங்கு வரை கீழே இறங்கும். பவர் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் இருப்பதால் 60 டிகிரி ஏறினால், 1800 மெகாஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 4 மெகாஹெர்ட்ஸ் நகர்வு. 20 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்கு போச்சு. பெறும் ஃபில்டரின் கீழ் விளிம்பு அனுப்பும் பக்கம் சாய்கிறது. மேல் விளிம்பில் 1880-க்கு அருகே நமக்கு வேண்டிய சிக்னலே தேய்கிறது. குளிர்ந்த கைபேசியில் தேறி, பத்து நிமிட வீடியோ அழைப்புக்குப் பிறகு தோற்கும் சேனல்கள் இப்படித்தான் உண்டாகின்றன. வெப்ப ஈடு செய்யப்பட்ட சா அல்லது பா (BAW, பருமன் ஒலி அலை) வகை ஃபில்டர்கள் இந்த நகர்வை வெகுவாகக் குறைக்கும். இடைவெளி குறுகிய பேண்டுகளில் இந்தச் செலவைத் தவிர்க்கப் பார்ப்பது வீண் சிக்கனம்.

டூப்ளெக்சரைத் தாண்டியும் −29 டிபிஎம் அளவுக்குச் சொந்த சிக்னல் ரிசீவரின் முதல் பெருக்கியான எல்என்ஏவின் வாசலுக்கு வந்துவிடும் (ஆம்ப்ளிஃபயர் வெளியே 26, தடுப்பு 55 என்ற கணக்கில்). வேண்டிய சிக்னலைவிட அது அறுபது லட்சம் மடங்குக்கு மேல் பெரியது. பெருக்கியும், அலைவெண்ணைக் கீழிறக்கும் மிக்சரும் முழுக்க நேர்கோட்டில் நடப்பவை அல்ல; பெரிய சிக்னல் ஒன்று உள்ளே இருந்தால் புதிய அலைவெண்கள் பிறக்கும். ரேடியோ அலையை ஒரே படியில் பேஸ்பேண்டுக்கு (தகவல் இருக்கும் அடிப்பட்டைக்கு) இறக்கும் இன்றைய நேரடி மாற்று ரிசீவர்களில் இரண்டாம் படிக் கோணல்தான் அதிகத் தொந்தரவு: கசிந்த சிக்னலின் ஏற்ற இறக்கம் அப்படியே பேஸ்பேண்டில் இரைச்சலாக விழும். இந்தக் கோணல் எவ்வளவு குறைவு என்று காட்டும் ஐஐபி2 என்ற அளவு +50 டிபிஎம் இருந்தால் விழும் இரைச்சல் தோராயமாக 2×(−29)−50, அதாவது −108 டிபிஎம், பொறுத்துக்கொள்ளலாம். +40 ஆக இருந்தால் −98. அது ரிசீவரின் சொந்த இரைச்சலுக்கு ஏறத்தாழச் சமம். மிக்சரின் இரண்டு பக்கங்களையும் சமன்படுத்தி இந்த எண்ணை உயர்த்தும் அளவுத்திருத்தம் அதனால்தான் தேவைப்படுகிறது.

மூன்றாம் படிக் கோணலுக்கு வெளியாள் ஒருவர் வேண்டும். பேண்ட் 1-இல் கைபேசி 1950-இல் அனுப்பி 2140-இல் கேட்கிறது என்று வைப்போம். பக்கத்து இருக்கைக்காரரின் கைபேசி பேண்ட் 3-இல் 1760-இல் அனுப்புகிறது. 2×1950−1760 = 2140. இரண்டும் எல்என்ஏவுக்குள் சந்தித்தால் குறுக்கீடு நேராக நம் சேனலில் பிறக்கும். 2045-இல் ஒரு அலை இருந்தாலும் இதே கதி: 2×2045−1950 = 2140. பிறந்த பிறகு ஃபில்டர் உதவாது. 1760-ஐ ஆன்டெனாவுக்கும் எல்என்ஏவுக்கும் நடுவிலேயே வெட்டியிருக்க வேண்டும். டூப்ளெக்சர் தேர்வில் அனுப்பும் பட்டை, பெறும் பட்டை இரண்டைத் தவிர இந்த இரண்டு புள்ளிகளில் எவ்வளவு தடுக்கிறது என்றும் பார்ப்பது இதற்காக.

பேண்டுகள் ஒன்றையொன்று மிதிக்கும்போது

ஒரே நேரத்தில் பல பேண்டுகளைச் சேர்த்து ஓட்டத் தொடங்கியதும் ஹார்மோனிக் தொல்லை, அதாவது அனுப்பும் அலைவெண்ணின் மடங்குகளில் பிறக்கும் அலைகளின் தொல்லை, தலைதூக்கியது. பேண்ட் 17-இன் அனுப்பும் பட்டை 704–716. மூன்றால் பெருக்கினால் 2112–2148. அது பேண்ட் 4-இன் பெறும் பட்டைக்குள் (2110–2155) முழுவதுமாக உட்காருகிறது. பேண்ட் 8-ஐ மூன்றால் பெருக்கினால் 2640–2745. பேண்ட் 7 பெறுவது 2620–2690. பேண்ட் 3-ஐ இரண்டால் பெருக்கினால் 3420–3570; 5ஜியின் என்78 பட்டையின் நடுவே விழுகிறது.

4ஜியும் 5ஜியும் சேர்ந்து ஓடும் இணைப்பில் இன்னும் மோசமான ஒன்று உண்டு. என்78-இல் 3575, பேண்ட் 3-இல் 1740, இரண்டிலும் ஒரே நேரத்தில் அனுப்பினால் வித்தியாசம் 1835. பேண்ட் 3-இல் 1740-க்கு இணையான பெறும் அலைவெண் 95 மெகாஹெர்ட்ஸ் மேலே, அதே 1835! இரண்டாம் படிக் கோணல் என்பதால் வலுவும் அதிகம். இத்தகைய சேர்க்கைகளில் உணர்திறன் இவ்வளவு குறையலாம் என்று தரநிலையே சலுகை கொடுக்கிறது. இரண்டிலும் ஒரே நேரத்தில் அனுப்பாமல் மாறி மாறி அனுப்பவும் இடம் தருகிறது. நெட்வொர்க் அலைவெண்களைச் சற்று நகர்த்தித் திட்டமிட்டால் இந்த மோதலே வராது என்பதையும் சொல்லியாக வேண்டும். எல்லாம் கைபேசிக்காரர் தலையில் கட்டும் விஷயமல்ல.

கைபேசிப் பக்கம் செய்யக்கூடியது: குறைந்த பேண்டு ஆம்ப்ளிஃபயருக்குப் பின் ஹார்மோனிக்கை வெட்டும் லோ-பாஸ் ஃபில்டர், மோதும் பேண்டுகளுக்குத் தனித்தனி ஆன்டெனா, ஆம்ப்ளிஃபயருக்கும் அந்தப் பெறும் தடத்துக்கும் நடுவில் உலோகச் சுவர். இத்தனையும் செய்த பிறகும் ஹார்மோனிக் குறையவில்லை என்றால், ஃபில்டருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஆன்டெனா சுவிட்சும், ஆன்டெனாவைப் பேண்டுக்கு ஏற்பச் சரிசெய்யும் ட்யூனரும் அங்கேதான் இருக்கின்றன. அவற்றில் பிறக்கும் ஹார்மோனிக்கை வெட்ட ஃபில்டர் எதுவும் மிச்சமில்லை. ட்யூனரை ஆன்டெனாவில் மின்னழுத்தம் உச்சமாக இருக்கும் இடத்தில் வைத்துவிட்டால், விலை உயர்ந்த பாகமும் கோணலாகத்தான் நடக்கும். தளர்ந்த ஸ்பிரிங் காண்டாக்ட், ஆக்சைடு படிந்த திருகு, இவைகூட முழு பலத்தில் அனுப்பும்போது டயோடு போல நடந்து ஹார்மோனிக் கிளப்பும். ஸ்பிரிங்கை விரலால் அழுத்தும்போது இரைச்சல் அளவு துள்ளினால் மூலம் அதுதான்.

மெமரி, திரை, கேமரா

கைபேசியில் ரேடியோவுக்கு அடுத்து அதிக அலை கிளப்புவது டிஜிட்டல் பகுதி. எல்பிடிடிஆர்4 மெமரி 3733 மெகாபிட் வேகத்தில் ஓடும்போது அதன் கடிகாரத் துடிப்பு 1866 மெகாஹெர்ட்ஸ். பேண்ட் 3 பெறும் பட்டைக்குள். 4266 வேகத்தில் கடிகாரம் 2133. பேண்ட் 1 பெறும் பட்டைக்குள். மெமரி வேகத்தை முடிவு செய்தவர்கள் ரேடியோ பேண்டுகளை மனதில் வைக்கவில்லை, அவ்வளவுதான். பழைய ஜிஎஸ்எம் கைபேசிகளிலும் இதே கதை உண்டு: 26 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் 36-ஆவது ஹார்மோனிக் 936, 72-ஆவது 1872. இரண்டும் சரியாக ஒரு சேனலின் நடுவில் விழும்.

அளவைப் பாருங்கள். பலகையில் கடிகாரத்தின் வலு 0 டிபிஎம் அளவில் இருக்கும் என்று கொள்வோம். 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஜிஎஸ்எம் சேனலின் வெப்ப இரைச்சல் −121 டிபிஎம். அப்படியானால் கடிகாரத்துக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் 115–120 டெசிபல் தடுப்பு வேண்டும். இரண்டுக்கும் தூரமோ சில சென்டிமீட்டர்தான்.

எல்டிஇயில் ஊசி போன்ற ஒற்றை அலை அவ்வளவு கெடுதல் செய்யாது. 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில் 1200 துணை அலைகள் இருக்கின்றன. ஊசி அவற்றில் ஒன்றிரண்டைத்தான் கெடுக்கும். பரந்து விழும் இரைச்சல்தான் மொத்தச் சேனலையும் தின்னும். இதை மறந்துவிட்டு, மின்காந்தச் சான்றிதழ் சோதனையில் தேறுவதற்காகக் கடிகாரத்தைப் பரப்பி ஓட்டும் முறையை இங்கேயும் கொண்டுவருகிறார்கள். 1866 மெகாஹெர்ட்ஸை 0.5 சதவீதம் பரப்பினால் 9 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் விரியும். மொத்த ஆற்றல் குறையவில்லை, ஊசி போர்வையாகிவிட்டது. 10 மெகாஹெர்ட்ஸ் எல்டிஇ சேனல் அந்தப் போர்வைக்குள் அப்படியே அடங்கிவிடும். ரேடியோவைப் பொறுத்தவரை பரப்புவது பல நேரம் நிலைமையை மோசமாக்கும்.

பரப்புவதைவிட நகர்த்துவது மேல். திரைக்குப் போகும் தடத்தின் கடிகாரம் 468 மெகாஹெர்ட்ஸ் என்றால் இரண்டாம் ஹார்மோனிக் 936, பேண்ட் 8-க்குள். நான்காவது 1872, பேண்ட் 3-க்குள். கைபேசி பேண்ட் 8-இல் இருக்கும்போது அதை 485-க்கு மாற்றினால் ஹார்மோனிக்குகள் 970, 1455, 1940 என்று நகர்ந்து இரண்டு பேண்டுகளும் தப்பும். ஆனால் ஐந்தாவது 2425. வைஃபையின் மேல் விழும். எனவே ஒரே நல்ல எண் என்று எதுவும் கிடையாது. மோடம் எந்தப் பேண்டில் இருக்கிறது என்று திரை டிரைவருக்குச் சொல்லி, இரண்டு மூன்று கடிகாரங்களுக்குள் மாறச் செய்வதே இன்றைய வழக்கம். மென்பொருளில் சில வரிகள்; பாகச் செலவு கிடையாது. ஹார்மோனிக் அட்டவணையைப் பலகை வரைவதற்கு முன்பே போட்டுப் பார்த்தால் பாதிச் சண்டை அங்கேயே முடியும்.

நகர்த்த முடியாததை அடக்க வேண்டும். மின்னழுத்தத்தை மாற்றிக் கொடுக்கும் டிசி-டிசி சுற்று 3 மெகாஹெர்ட்ஸில் சுவிட்ச் ஆகிறதே, 900 மெகாஹெர்ட்ஸுக்கு என்ன என்று கேட்கலாம். சுவிட்ச் ஆகும் விளிம்பு 1 நானோசெகண்டில் ஏறினால் அதன் இரைச்சல் 300 மெகாஹெர்ட்ஸ் வரை வலுவாக இருந்து, அதற்கு மேலும் வால் நீண்டுகொண்டே போகும். உள்ளீட்டு கெப்பாசிட்டர் சிப்பின் கால்களோடு ஒட்டி, அதே அடுக்கில் இருந்தால் மின்னோட்ட வளையம் சிறுத்து இந்த வால் தணியும். வயா வழியாகப் பின்பக்கம் வைத்தால் பாதிப் பயன்தான்.

கெப்பாசிட்டர் விஷயத்தில் ஒரு பழக்கத்தை விட வேண்டும்: எங்கும் 100 நானோஃபாரட். வயாவையும் சேர்த்து 1 நானோஹென்ரி இண்டக்டன்ஸ் இருந்தால் அது 16 மெகாஹெர்ட்ஸுக்கு அருகிலேயே ஒத்ததிர்ந்துவிடும். 900-இல் அது கெப்பாசிட்டரே அல்ல, இண்டக்டர். அதே இடத்தில் 33 பிகோஃபாரட் போட்டால் ஒத்ததிர்வு 880-ஐச் சுற்றி வரும், 8.2 பிகோஃபாரட் 1760-ஐச் சுற்றி. எனவே மின்வழங்கல் தடம் உலோகக் கவசத்தை விட்டு வெளியேறும் இடத்தில் பெரியது ஒன்று, பாதிக்கப்படும் பேண்டுக்கு ஏற்ற சிறியது ஒன்று என்று இரண்டும் வேண்டும். சிறியதே விளிம்புக்கு நெருங்கி இருக்க வேண்டும்.

கவசத்தைப் பற்றியும் அதேதான். 2.7 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் காற்றில் 111 மில்லிமீட்டர், பலகைக்குள் ஏறத்தாழ 55. அதில் இருபதில் ஒரு பங்கு 2.8 மில்லிமீட்டர். கவசத்தைத் தரையோடு இணைக்கும் வயாக்களுக்கு நடுவே அதற்கு மேல் இடைவெளி விடக் கூடாது. 1 மில்லிமீட்டருக்கு ஒன்று போடுவது இன்னும் பத்திரம். மூடி சரியாக உட்கார்ந்திருந்தும் தொல்லை போகாவிட்டால், வெளியே போகும் தடங்களை எண்ணுங்கள். வடிகட்டாத ஒரே ஒரு கட்டுப்பாட்டுத் தடம் உள்ளிருக்கும் இரைச்சலைச் சுமந்து வெளியே வந்து ஆன்டெனாவாக வேலை செய்யும். அதிலும் திரைக்கும் கேமராவுக்கும் போகும் ஃப்ளெக்ஸ் கேபிள்கள்தான் முதல் சந்தேகத்துக்கு உரியவை: நீளம் பல சென்டிமீட்டர், போவது ஆன்டெனாவின் ஓரமாக, தரை இணைப்பு இரு முனைகளில் மட்டும். நடுவில் கடத்தும் பஞ்சு அல்லது கடத்தும் டேப் வைத்துச் சட்டத்தோடு தரையிட்டால் பல டெசிபல் மீளும்.

வைஃபை, ஜிபிஎஸ், யுஎஸ்பி

பேண்ட் 40 முடிவது 2400-இல்; வைஃபை பட்டை தொடங்குவதும் 2400-இல். இடைவெளி இல்லாத இடத்தில் ஃபில்டருக்கு வேலை இல்லை. செங்குத்தான பா ஃபில்டர் தூரத்துச் சேனல்களைக் காப்பாற்றும். விளிம்பில் இருப்பவற்றுக்கு நேரத்தைப் பங்கிடுவதே வழி. மோடமும் வைஃபை சிப்பும் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லி, ஒருவர் அனுப்பும்போது மற்றவர் கேட்காமல் இருக்கும் ஏற்பாடு அது. எல்டிஇ 11-ஆம் வெளியீட்டிலிருந்து கைபேசி இந்தச் சங்கடத்தை நெட்வொர்க்குக்கும் தெரிவிக்கலாம்.

பேண்ட் 13-இன் 777–787 இரட்டிப்பானால் 1554–1574. ஜிபிஎஸ் இருப்பது 1575.42. வானிலிருந்து ஜிபிஎஸ் வந்து சேர்வது −130 டிபிஎம் அளவில்தான் என்பதால் ஓரத்தில் உரசினாலே போதும், இடம் காட்டுவது தடுமாறும். எல்என்ஏவுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு சா ஃபில்டர் என்ற வழக்கம் ஜிபிஎஸ் தடத்தில் நிலைத்தது இத்தகைய தொல்லைகளால்தான். ஆனால் பட்டைக்குள்ளேயே விழும் ஹார்மோனிக்குக்கு அனுப்பும் பக்கத்தில்தான் மருந்து.

யுஎஸ்பி 3-இன் 5 கிகாபிட் தரவு 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் பரவலான இரைச்சல் கிளப்புவதை இன்டெல் 2012-இல் தனி ஆவணமாகவே வெளியிட்டது. கைபேசியில் வேகமான ஹப்பையோ டிஸ்க்கையோ செருகியதும் வைஃபை தள்ளாடினால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறிப் பாருங்கள். சரியாகிவிட்டால் காரணம் உறுதி. கவசம் சரியில்லாத கேபிளும் கனெக்டரும்தான் பெரும்பாலும் இதற்குப் பொறுப்பு.

பக்கத்து டவரின் தொல்லை

எல்டிஇயில் எல்லா டவர்களும் ஒரே அலைவெண்ணைப் பயன்படுத்தலாம். எல்லையில் நிற்பவருக்கு இரண்டும் கேட்கும். இது சேனலுக்குள் வரும் தொல்லை, ஆனால் திசை உள்ள தொல்லை. இரண்டு ஆன்டெனாக்களில் அது ஒரு குறிப்பிட்ட கட்ட வேறுபாட்டோடு வருவதால், ரிசீவர் அந்த உறவைக் கணித்து, அந்தத் திசையைச் சுழியாக்கும்படி எடைகளை அமைக்கலாம். ஐஆர்சி ரிசீவர் செய்வது இதுதான். இரண்டு ஆன்டெனாக்கள் இருந்தால் வலுவான ஒரு குறுக்கீட்டை அடக்கலாம். நான்கு இருந்தால் மேலும் சில. இரண்டாவது ஆன்டெனா மூலையில் ஒடுங்கி, முதலாவதைவிட 10 டெசிபல் குறைவாகக் கேட்டால் இந்தக் கணிதம் அவ்வளவாகப் பலிக்காது. பின்புறம் ஒட்டினால் சிக்னல் கூடும் என்று விற்கப்படும் ஸ்டிக்கர்களுக்கு இந்தக் கணக்கில் எங்கும் இடமில்லை.

மூலத்தைக் கண்டுபிடிப்பது

முதலில் ஆன்டெனாவைக் கழற்றி, கேபிள் வழியாக டெஸ்டருடன் இணைத்து உணர்திறனை அளக்க வேண்டும். குறைந்த பலத்தில் அனுப்பி ஒருமுறை, முழு பலத்தில் அனுப்பி ஒருமுறை. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் குற்றம் டூப்ளெக்சர் பக்கம். வித்தியாசம் இல்லை, கேபிளில் எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆன்டெனா மாட்டியதும் கெடுகிறது என்றால் இரைச்சல் காற்று வழியாக ஆன்டெனாவுக்குள் வருகிறது.

அதன்பின் கவச அறைக்குள், ஆன்டெனாவோடு, ஒவ்வொன்றாக இயக்கிப் பார்க்க வேண்டும்: திரை அணைந்த நிலை, திரை எரியும் நிலை, பின் கேமரா, முன் கேமரா, சார்ஜிங், மெமரி உச்ச வேகம். எல்லாச் சேனல்களிலும் அளப்பது அவசியம். மூன்று சேனல்களை மட்டும் தொட்டுப் பார்த்தால் 936-இல் இருக்கும் ஊசி கண்ணிலேயே படாது. எந்தச் சேனலில் பள்ளம் விழுகிறது என்பதே பாதி விடை: ஒழுங்கான இடைவெளியில் விழும் பள்ளங்கள் கடிகார ஹார்மோனிக், பேண்ட் முழுக்கச் சமமாகச் சரிவது தரவுத் தடம் அல்லது மின்வழங்கல், ஒரு விளிம்பில் மட்டும் சரிவது ஃபில்டர்.

மூலத்தைச் சுட்டிக்காட்டச் சிறு வளைய ப்ரோபும், முன்பெருக்கியோடு ஸ்பெக்ட்ரம் அனலைசரும் போதும். ரெசல்யூஷன் அகலத்தை 10 கிலோஹெர்ட்ஸில் வைத்தால் வெப்ப இரைச்சல் −134 டிபிஎம்முக்கு இறங்கும். முன்பெருக்கி இல்லாவிட்டால் அனலைசரின் சொந்த இரைச்சலே எல்லாவற்றையும் மூடிவிடும். ஆனால் ப்ரோபில் அதிகம் கத்தும் இடமே குற்றவாளி என்று முடிவு கட்ட வேண்டாம். ஆன்டெனாவோடு பிணையாத சத்தத்தால் கெடுதல் இல்லை. சந்தேகப்படும் இடத்தில் செம்பு டேப்பை ஒட்டித் தரையிட்டு, கைபேசியின் சொந்த ஆன்டெனா வழியாக மறுபடி அளந்து, எண் குறைகிறதா என்று பார்ப்பதே தீர்ப்பு.

பழுதுபார்க்கும் மேசைக்கு வரும் கைபேசிகளில் கதை இன்னும் எளியது. திரை மாற்றிய பிறகு சிக்னல் குறைந்ததா? பழைய திரையின் பின்னால் இருந்த கடத்தும் பஞ்சு, கறுப்பு டேப்புக்குள் இருந்த கடத்தும் படலம், ஃப்ளெக்ஸை அழுத்திப் பிடித்த உலோகத் தகடு, அதன் திருகு: இந்த நான்கும் திரும்பப் போயிருக்கின்றனவா என்று பாருங்கள். பிளாஸ்டிக் டேப் கடத்தும் டேப்புக்கு மாற்று அல்ல. மல்டிமீட்டரில் இரு முனைகளையும் தொட்டால் உடனே தெரிந்துவிடும். கவச மூடியை நெம்பி எடுத்தவர்கள் அதன் விரல்களை மீண்டும் உள்பக்கம் வளைத்துவிட்டு மூட வேண்டும். ஆன்டெனா ஸ்பிரிங் படும் தங்கப் பூச்சுப் பேடைத் தேய்க்காமல், ஐசோப்ரோபில் ஆல்கஹாலில் துடைத்தால் போதும். உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்தால் பூச்சு போய், சில மாதத்தில் ஆக்சைடு படிந்து, முன்பு இல்லாத ஹார்மோனிக் தொல்லையும் வந்து சேரும். வேலை முடிந்ததும் சார்ஜரைச் செருகி, திரையை முழு வெளிச்சத்தில் வைத்து, கைபேசி சூடான பிறகு, சிக்னல் மெலிந்த இடத்தில் எஸ்ஐஎன்ஆரைப் பாருங்கள். குளிர்ந்த கைபேசியை வெளிச்சமான ஜன்னலோரம் வைத்து எடுத்த எண்ணை நம்பி மூடியை ஒட்டிவிட வேண்டாம்.